அக்டோபர்க் குரல்

அந்தக் குளிர்காலத்தில் ஹுஜந்த் ஊரில் ஆறே உறைந்துபோனது. சிர் தாரியாவின் மேல் ஆட்கள் நடந்து போனார்கள். சிலபேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் போனார்கள். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் கரண்ட். சந்தையில் எதிர்ப்பட்டவர்கள் உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, "உங்க பக்கம் எத்தன மணிக்கு விடுறான்?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள்.

மவ்ஸுனாவின் வீட்டில் இன்னொன்றும் நின்றுபோயிருந்தது. அவள் புருஷன் நுஸ்ரத் வாய் திறந்து பத்தொன்பது நாளாகப் போகிறது.

ஊரில் பாதிக் கல்யாணங்களில் பாடிய ஆள் அவர். கேரட்டுக்குப் பேரம் பேசினால்கூட நாலு கடை தள்ளி இருப்பவன் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பான். போன வசந்தத்தில் தொண்டையில் ஒரு கரகரப்பு வந்தது. தேன் குடித்தார், ஆட்டுக்கொழுப்பு பூசினார், அக்கா மஸ்துரா சொன்னதற்காக வெங்காயச் சாறும் குடித்தார். எதற்கும் அசையவில்லை. ஜனவரியில் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தலைநகர் துஷன்பேக்கு விமானத்தில் போய், குரல் நாணில் பயறு அளவுக்கு இருந்த கட்டியை வெட்டி எடுத்துவிட்டு வந்தார்கள்.

"ஒரு மாசம்," என்றாள் அறுவை செய்த டாக்டரம்மா. "பேசக் கூடாது. கிசுகிசுக்கக் கூடாது, அது பேசுறதவிட மோசம். சத்தம் போட்டுச் சிரிக்கவும் கூடாது. வெட்டுன சதையப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன். மூணு வாரத்துக்குள்ள போன் பண்றேன்."

எதற்குப் பரிசோதனை என்று மூன்று பேருக்குமே தெரியும். யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பியபிறகும் வீட்டில் அந்த வார்த்தை புழங்கவில்லை. மவ்ஸுனா போனைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டாள். கரண்ட் இருக்கும் நேரத்தில் சோறு வேகிறதோ இல்லையோ, போனுக்குச் சார்ஜ் ஏறியாக வேண்டும்.

நுஸ்ரத் நோட்டுக்கு மாறினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது மாதிரி கட்டம் போட்ட நோட்டு, ஒரு பென்சில். சந்தலிக்குள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எழுதுவார். கீழே கரித்தட்டு, மேலே குட்டை மேசை, மேசையைப் போர்த்திய பருத்திமெத்தை. அதைச் சுற்றித்தான் அந்த வருஷம் ஊரே உயிரோடு இருந்தது. 'உப்பு குறைவு' என்று எழுதுவார். 'கரி ஈரம்' என்று எழுதுவார். முற்றத்துக்கு அந்தப்பக்க அறையில் இருக்கும் அக்கா மஸ்துரா வந்து உட்கார்ந்தால், 'இவளை எப்போது அனுப்புவாய்?' என்று எழுதி, மெத்தைக்கு அடியில் மவ்ஸுனாவிடம் நகர்த்துவார்.

மஸ்துரா புருஷனை இழந்தவள், பிள்ளைகள் ரஷ்யாவில். தம்பி பேசாமல் இருப்பதால் அவன் பங்கையும் சேர்த்து அவளே பேசினாள்.

"இவன் எழுதுறதப் படிக்க எனக்குக் கண்ணாடி வேணும். கண்ணாடிய எடுக்க எந்திரிச்சா உள்ள இருக்குற சூடு போயிரும். நீ என்ன நினைக்குறன்னு எனக்கே தெரியும்டா, எழுதாத. ஏ மவ்ஸுனா, இவனுக்கு டர்னிப் போட்டு சூப்பு வையி. நேத்து வச்சதுல கொழுப்பே இல்ல. பாடுற தொண்டைக்குக் கொழுப்பு வேணாமா?"

"டாக்டர் கொழுப்பக் கொறைக்கச் சொன்னாங்க அக்கா."

"டாக்டருக்குப் பாடத் தெரியுமா?"

நுஸ்ரத் நோட்டில் பெரிய எழுத்தில் 'எனக்கும் இப்போது தெரியாது' என்று எழுதினார். மஸ்துராவுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. சட்டென்று எழுந்து கதவுப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஜன்னலில் படிந்த பனியைச் சுரண்டினாள்.

மவ்ஸுனாவுக்கு விவசாயக் கல்லூரியில் வேலை. மாட்டு வைத்தியமும் பருத்தியும் படிக்க வரும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பாடவேளை செவ்வியல் இசை கேட்கக் கற்றுத்தர வேண்டும். ஒன்பது வருஷம் கேசட் போட்டுப் பார்த்தாள். மகாம் என்னும் அந்த நீளமான செவ்வியல் பாட்டு ஓடத் தொடங்கி நாலாவது நிமிஷத்தில் பின் வரிசை தூங்கும், ஆறாவது நிமிஷத்தில் முன் வரிசை. "டீச்சர், இது எப்போ ஆரம்பிக்கும்?" என்று ஒருத்தன் கேட்டபோது பாட்டு முக்கால்வாசி முடிந்திருந்தது.

கணினி அறையைப் பார்த்துக்கொண்ட கமோலித்தின்தான் வழி சொன்னான். "அக்கா, கேளு கேளுன்னா யாரு கேப்பா? கையில எதையாவது குடுங்க. அமுக்கிக்கிட்டே கேக்கட்டும்."

இரண்டு பேருமாக ஒரு வருஷம் கணினியில் ஒரு விளையாட்டு செய்வதிலேயே கிடந்தார்கள். திரையில் ஊருக்கு வடக்கே நிற்கும் மலையின் கோடு. பாட்டு ஏற ஏற ஒரு புள்ளி மலைமேல் ஏறும். தன்பூர் படத்தைத் தொட்டால் அந்தத் தந்திக்கருவி மட்டும் கேட்கும், தொய்ரா மேளத்தைத் தொட்டால் தாளம் மட்டும். அடிவாரத்தில் ஒரு வீடு. பாட்டு கிளம்பிய சுரத்துக்கே பாடுகிறவர் திரும்பி வரும்போது வீட்டை அமுக்க வேண்டும். சரியாக அமுக்கினால் புகைக்கூண்டில் புகை வரும். தப்பாக அமுக்கினால் நாய் குரைக்கும். நாய் கமோலித்தினின் யோசனை. மகாமில் நாய் குரைப்பதா என்று மவ்ஸுனா ஒரு வாரம் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் விட்டுக்கொடுத்தாள்.

ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமென்றால் தனித்தனியாகப் பதிய வேண்டும். அக்டோபரில் கல்லூரி மண்டபத்தில் பதிந்தார்கள். நுஸ்ரத் பாடினார். உச்சிக்கு ஏறும் இடத்தில் குரல் உரசியது. மூன்று தடவை பாடியும் மூன்று தடவையும் உரசியது. வீட்டுக்கு வரும் வழியில், அன்றைக்கு அவருக்குப் பேச்சு இருந்தது, சொன்னார்:

"அதப் போட்டுக் காட்டாத. செத்தவன் பாடுற மாதிரி இருக்கு. தொண்ட சரியாகட்டும், புதுசா பாடித் தர்றேன்."

"போடல," என்றாள் மவ்ஸுனா.

டிசம்பரில் கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொன்னார்: பிப்ரவரியில் கல்வித்துறையிலிருந்து பார்க்க வருகிறார்கள், பிள்ளைகளுக்கு ஏதாவது தெரிந்தால் சரி, இல்லையென்றால் அந்தப் பாடவேளையை ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். புதிதாகப் பாட ஆள் இல்லை. ஆள் துஷன்பே போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மவ்ஸுனா பழைய பதிவையே போட்டாள். வீட்டில் சொல்லவில்லை. சொல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் மஸ்துரா முந்திக்கொண்டாள். பக்கத்துத் தெருத் தந்தூருக்கு ரொட்டி போடப் போனவள் திரும்பி வந்து, ரொட்டிக்கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"தந்தூர்ல குனிஞ்சு மாவ அடிச்சுக்கிட்டே சனோபரோட பொண்ணு பாடுறா. நம்ம தம்பியோட பாட்டு. அந்த இழுப்பு, அந்த வளைவு, எல்லாம். 'எங்கடி படிச்ச'ன்னேன். 'காலேஜுல டீச்சரோட கம்ப்யூட்டர்ல ஒரு மாமா பாடுவாரு, நாங்க வீட்ட அமுக்குவோம்'ங்குறா. எந்த வீட்டடி அமுக்குறீங்க, எங்க வீட்டையான்னு நினைச்சுக்கிட்டேன். பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டியா எந்தம்பிய?"

மவ்ஸுனா புருஷனைப் பார்த்தாள். அவர் நோட்டை எடுக்கவில்லை.

"வேற வழியில்ல," என்றாள் அவரிடம். "தனித்தனியாப் பதிஞ்சது அது ஒண்ணுதான். உங்ககிட்ட கேக்கலாம்னு எத்தனையோ தடவை வாயத் தொறந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போற ஆள்கிட்ட இத எப்பிடிக் கேக்குறது? வந்தப்புறம், பேச முடியாதவர்கிட்ட எப்பிடிக் கேக்குறது? தப்புதான். திட்டுங்க. எழுதித் திட்டுங்க."

நுஸ்ரத் நோட்டை மூடினார். அதன்மேல் பென்சிலைக் குறுக்கே வைத்தார். எழுந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, முற்றத்தில் ஏற்கெனவே பிளந்து அடுக்கியிருந்த விறகை இன்னும் சின்னதாகப் பிளந்தார்.

மூன்று நாள் நோட்டு அப்படியே கிடந்தது. அவர் சூப்பில் உப்பு குறைவென்றால் உப்பு இல்லாமலே குடித்தார். கரியை அவரே அள்ளிப்போட்டார். சண்டைக்காரப் புருஷனாக இருந்தால் இரண்டு பாத்திரம் விழும், மறுநாள் தேநீர் ஊற்றும்போது சரியாகிவிடும். பேசாதவரோடு என்ன செய்ய? அவர் மௌனத்தில் எது டாக்டர் சொன்னது, எது தனக்கு என்று மவ்ஸுனாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அடுப்படியில் வெங்காயம் நறுக்கும்போது மட்டும் அழுதாள். யாரும் காரணம் கேட்காத இடம் அது.

கல்வித்துறைத் தணிக்கைக்கு முந்தின நாள் மத்தியானம் கமோலித்தின் வீட்டுக்கு வந்தான். காலணியைக் கழற்றிவிட்டுச் சந்தலியில் காலை நுழைத்து, தேநீர்ப் பியாலாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆசான் என்ற மரியாதையோடு நுஸ்ரத்தைக் கூப்பிட்டான்.

"உஸ்தோத், அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க. திட்டணும்னா என்னத் திட்டுங்க. 'இத வச்சே ஓட்டுவோம்'னு சொன்னவன் நான்தான். அக்கா மாட்டேன் மாட்டேன்னாங்க."

"பொய்," என்றாள் மவ்ஸுனா. "நான்தான் சொன்னேன்."

"சரி, பாதி பாதி. உஸ்தோத், நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. ஒரே ஒரு தடவ உக்காந்து கேளுங்க. அப்புறமும் வேண்டாம்னா தலைய ஆட்டுங்க போதும், நானே அழிச்சுடுறேன். எனக்குப் பெரிய ஆளுங்க முன்னாடி பொய் சொல்ல வராது, பாத்தீங்கல்ல."

நுஸ்ரத் அவனுக்கு இன்னொரு பியாலா தேநீர் ஊற்றினார். தலையை எந்தப் பக்கமும் ஆட்டவில்லை.

மறுநாள் காலையில் கல்லூரிக் கணினி அறையில் மூச்சு விட்டால் ஆவி தெரிந்தது. இருபத்தாறு பிள்ளைகள் கோட்டும் தொப்பியுமாக, எட்டுக் கணினிக்கு முன்னால் மூன்றும் நாலுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே முற்றத்தில் ஜெனரேட்டர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கமோலித்தின் நாலு மணிக்கே எழுந்து அதைப் பழைய மெத்தையால் போர்த்தி, கொதிநீர் ஊற்றிக் கெஞ்சிக் கிளப்பியிருந்தான்.

கல்வித்துறையிலிருந்து வந்த அம்மாள் கனத்த உடம்பு, நரித்தோல் காலர். முதல்வர் காட்டிய நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"மாட்டு டாக்டருக்கு மகாம் எதுக்கு?" என்று மவ்ஸுனாவைக் கேட்டாள். "கேலி பண்ணல. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

"அவங்களையே கேளுங்க," என்றாள் மவ்ஸுனா. ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் வேறு. அது வாயில் வரவில்லை, ஏனென்றால் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு நுஸ்ரத் உள்ளே வந்தார். காதை மூடிய தொப்பி, கழுத்தில் இரண்டு சால்வை. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சனோபரின் மகள் அன்றைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. பின்வரிசை ஓரத்தில் பர்வினா என்ற பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காருங்க மாமா. தணிக்கைக்கு வந்தீங்களா?"

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை அசைத்தார்.

"பேச வராதா? சரி, காது கேக்கும்ல? அது போதும் இதுக்கு." ஒரு காதொலிப்பானை அவர் காதில் அவளே மாட்டிவிட்டாள். "இந்தா, இதுதான் வீடு. பாட்டு கிளம்புன எடத்துக்கே இவரு திரும்பி வருவாரு, அப்ப அமுக்கணும். ஆனா இவரு லேசுப்பட்ட ஆளு இல்ல மாமா. வர்ற மாதிரியே வந்து, வாசல் வரைக்கும் வந்து, அப்பிடியே திரும்பிப் போயிருவாரு. எங்க அப்பா மாதிரி."

மவ்ஸுனா வரிசைகளுக்கு நடுவே நடப்பதுபோல் நடந்து அவர்கள் பின்னால் போய் நின்றாள்.

புள்ளி மலைமேல் ஏறியது. இறங்கியது. நுஸ்ரத் விரலை நீட்டி வீட்டை அமுக்கினார். நாய் குரைத்தது.

"கவலப்படாதீங்க. முதல் தடவ எல்லாருக்கும் குரைக்கும்," என்றாள் பர்வினா. "இருங்க, இப்பத்தான் வருது. இந்த எடம். இங்க இவருக்குத் தொண்ட அடைக்கும். ஏறப் போறாரா, விழப் போறாரான்னு தெரியாது. போன மாசம் நாங்க ஒரு பசுவுக்குப் பிரசவம் பாத்தோம். கன்னுக்குட்டி தலை வெளிய வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யாருமே மூச்சு விடல. அப்பிடி இருக்கும் எனக்கு. பாருங்க, ஏறிட்டாரு. நல்லா லேசாப் பாடுறவங்க கேசட்டும் டீச்சர் போட்டாங்க. அதுல ஏறிருவாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுரும். இவர்கிட்டதான் தெரியாது."

நுஸ்ரத் மலைக்கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும் கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். மூன்று நாளுக்குப் பிறகு அந்த நோட்டு திறப்பதை மவ்ஸுனா பார்த்தாள். பென்சில் முனையை எச்சிலால் தொட்டு எழுதினார். பர்வினா எட்டிப் படித்தாள்.

'முதலில் அமுக்கியது சரி. அங்கே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாய்க்குத் தெரியவில்லை.'

பர்வினா அதை இரண்டாம் தடவை படித்தாள். 'நான்' என்ற இடத்தில் விரலை வைத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு டீச்சர் முகத்தை. காது மடல் சிவந்துபோயிற்று.

"மன்னிச்சிருங்க," என்றாள். "எங்க அப்பா மாதிரின்னு சொன்னது... அவரு நல்லவருதான்."

நுஸ்ரத்தின் தோள் குலுங்கியது. சிரிக்கக் கூடாது என்பதால் வாயைச் சால்வையால் அழுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. எட்டுத் திரையும் கறுத்தன. கமோலித்தின் வெளியே ஓடுவது கேட்டது. முதல்வர் கையைப் பிசைந்தார்.

"ஆக, மெஷின் இல்லாட்டி ஒண்ணும் இல்ல," என்றாள் கல்வித்துறை அம்மாள். குத்தலாகச் சொல்லவில்லை. வருத்தமாகவே சொன்னாள்.

மவ்ஸுனா மேசைக்கடியிலிருந்து பேட்டரி டேப்பை எடுத்தாள். பையில் கிடந்த கேசட்டுகளில் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டாள். வேறொருவர் பாடிய வேறு மகாம், அந்த வகுப்பு ஒரு நாளும் கேட்காதது. "கண்ண மூடிக்கங்க," என்றாள். "வீட்டுக்கு வந்தா கையத் தூக்குங்க. நாய் இல்ல, பயப்படாதீங்க."

குளிரில் டேப் கொஞ்சம் மெதுவாகவே சுற்றியது. ஏழு நிமிஷம். முதல் தடவை பாடகர் இறங்கியபோது ஐந்தாறு கைகள் எழுந்து, சந்தேகப்பட்டு, இறங்கின. பாடகரும் வராமல் திரும்பிப் போனார். இரண்டாம் தடவை இறங்கியபோது இருபது கைகளுக்குமேல் ஒன்றாக எழுந்தன. கையுறை போட்டவை, போடாதவை, பர்வினாவின் கை, பின்வரிசை ஓரத்தில் இரண்டு சால்வை சுற்றிய நுஸ்ரத்தின் கை. பாட்டு சரியாக அங்கே வந்து நின்றது. கண்ணை மூடியிருந்ததால் யாருக்கும் தாங்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. முன்வரிசையில் ஒருத்தன் மட்டும் கையைத் தூக்காமல் தூங்கிக்கொண்டிருந்தான்.

கல்வித்துறை அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் ரெண்டு எடத்துலயும் தூக்கியிருப்பேன்," என்றாள். பிறகு காலரைச் சரிசெய்துகொண்டு முதல்வரிடம் சொன்னாள்: "ஆங்கிலத்துக்கு வேற நேரம் பாருங்க. இது இருக்கட்டும்."

பிள்ளைகள் நுஸ்ரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். வாசல் வரை வந்து ஏன் திரும்பினீங்க, அந்த இடத்துல வலிச்சுச்சா, மறுபடி எப்போ பாடுவீங்க என்று ஆளுக்கு ஒன்று கேட்க, அவர் நோட்டுத் தாள் தீரத் தீர எழுதினார். கமோலித்தின் கை முழுக்க எண்ணெயோடு வந்து எதிரே நின்றான். தீர்ப்புக்கு நிற்கும் ஆள் மாதிரி இருந்தான். நுஸ்ரத் அவனுக்காக ஒரு வரி எழுதி, கிழித்து, கையில் கொடுத்தார். 'அழிக்காதே. நாயை மட்டும் திருத்து.'

மத்தியானம் இருவரும் நடந்தே திரும்பினார்கள். பஸ் ஓடவில்லை. வெயில் அடித்தது, ஆனால் அதில் சூடு இல்லை. பாலத்தின்மேல் காற்று முகத்தை அறுத்தது. கீழே ஆற்றுப் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு ஒருவர் மீன்பிடித்துக்கொண்டிருந்தார். நுஸ்ரத்திடம் நோட்டு காலி. மவ்ஸுனாவே பேசினாள்.

"சொல்லியிருக்கணும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேண்டாம்பீங்களோன்னு பயம். நீங்க வேண்டாம்னு எழுதியிருந்தாலும் நான் போட்டிருப்பேன், அதுதான் உண்மை. அதனாலதான் சொல்லல."

அவர் அவள் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

போன் அடித்தது. கயிறு சால்வைக்குள் சிக்கிக்கொண்டது. இழுத்து எடுப்பதற்குள் ஐந்து தடவை மணி அடித்துவிட்டது. துஷன்பே எண்.

"மவ்ஸுனாவா? டாக்டர் பேசுறேன். அறிக்கை வந்துருச்சு. கெட்டது எதுவும் இல்ல. வெறும் சதைதான், பாடுறவங்களுக்கு வர்றதுதான். கேக்குதா? ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு மாசம்னா ஒரு மாசம். இன்னும் பதினோரு நாள் இருக்கு. அவரப் பேச விட்றாதீங்க."

"கேக்குது," என்றாள். இன்னொரு தடவையும் "கேக்குது" என்றாள், லைன் அறுந்தபிறகு.

நுஸ்ரத் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தொப்பியைக் காதுக்குமேல் தூக்கியிருந்தார்.

"ஒண்ணும் இல்லயாம்," என்றாள். "வெறும் சதையாம்."

அவர் மார்பு விரிந்தது. இருபத்து மூன்று வருஷமாக அவளுக்குத் தெரிந்த மூச்சு அது, பெரிய சத்தத்துக்கு முன்னால் அவர் இழுக்கும் மூச்சு. வாய் திறந்தது. மவ்ஸுனா எட்டிக் குதித்துக் கையுறையோடு அந்த வாயைப் பொத்தினாள். அவர் பின்னால் சாய்ந்து பாலத்துக் கைப்பிடியில் முட்டிக்கொண்டார். அவள் விடவில்லை. இன்னொரு கையால் பிடரியையும் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு நாள்," என்றாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னாள். "பதினோரு நாள் பொறுங்க."

ரொட்டி மூட்டையோடு எதிரே வந்த ஒரு கிழவி நின்று பார்த்தாள்.

"ஏம்மா, புருஷன் வாயப் பொத்துறதுக்கு நடுப்பாலந்தான் கெடச்சுச்சா? வீட்டுல போய்ப் பொத்தக் கூடாதா?"

"வீட்டுல நாத்தனா இருக்காங்க அம்மா," என்றாள் மவ்ஸுனா. "அங்க இவருக்கு வாயத் தொறக்க எடமே கெடைக்காது."

கிழவி தலையை ஆட்டிக்கொண்டு நடந்தாள். நுஸ்ரத்தின் சிரிப்பு சத்தமில்லாமல், மூக்கு வழியாக, விட்டு விட்டு வந்தது. மவ்ஸுனா கையை எடுக்கவில்லை. கம்பளிக் கையுறை அவர் மூச்சில் சூடாகி, நனைந்து, உள்ளங்கை வரைக்கும் ஈரம் வந்தது.